கை நனைத்துவிட்டுப் போன கல்லூரி

குருவிச்செவல் கண்மாய்க்குள் முதல் மருத்துவக் கல்லூரி வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து பஸ் போன பிறகு, டீக்கடையில் இரண்டாவது பால் பொங்குவதற்கு முன்னால். ஆடு பத்திக்கொண்டு போன செவந்திக்கனிதான் அதை முதலில் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கரையேறி வந்து, காளிராசு வீட்டு வாசலில் நின்று, "உலகம்மா மதினி, உங்க பிள்ளையப் பாக்க ஆள் வந்துருக்காக போல, வந்து என்னான்னு கேளுங்க," என்று சொன்னாள்.

வந்திருந்தது வடக்கே பெரிய பட்டணத்தில் இருக்கிற, நூறு வருஷம் தாண்டிய, சிவப்புக் கட்டடக் கல்லூரி. ஆஸ்பத்திரியும் விடுதியும் மரங்களும் மரத்தடிச் சைக்கிள்களுமாக, கண்மாயின் வடகரையிலிருந்து மடை வரைக்கும் இடம் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஐப்பசி மழை வரும் வரைக்கும் எங்கள் கண்மாயில் தண்ணீர் கிடையாது, வெடித்த கரிசல்தான், அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. உள்ளே டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாணவர்கள் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள், கேன்டீனில் தோசை வார்த்தார்கள். இன்றைக்குக் காற்று கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதே என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன், கரைமேல் கூடியிருந்த எங்களைப் பார்த்து, "பிள்ளை எங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளை என்றால் சங்கரேஸ்வரி. மினிபஸ் ஓட்டும் காளிராசுவுக்கும் உலகம்மாளுக்கும் ஒரே மகள். மருத்துவப் படிப்புக்கு இரண்டாம் தடவையாக விண்ணப்பித்து, ரேங்க் லிஸ்ட்டில் அவள் பெயர் வந்தது அதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

இரண்டாம் தடவை ஏன் என்ற கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன வருஷமும் அவள் மார்க் குறைவில்லை. எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டிய நாளில், அப்பாவும் மகளும் ஜெபராஜின் நெட் சென்டரில் போய் உட்கார்ந்தார்கள். ஜெபராஜ் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவன், விவரமானவன்.

"அண்ணே, இருக்கிற காலேஜ் அம்புட்டையும் வரிசையாப் போட்டுருவோம். எது கிடைக்குதோ கிடைக்கட்டும்," என்றான்.

"ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு முப்பது வீட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்றியா? ஊர் என்ன பேசும்? மூணு போடு. மரியாதையா மூணு. அவுக பதில் சொன்ன பெறகு மத்ததப் பாப்போம்," என்றார் காளிராசு.

"அது கம்ப்யூட்டருண்ணே. அதுக்கு மரியாதையெல்லாம் தெரியாது."

"நமக்குத் தெரியும்ல."

மரியாதையாக மூன்று போட்டார்கள். மூன்றிலும் இடமில்லை என்று பதில் வந்தது. மற்றதைப் பார்ப்பதற்குள் மற்றது எல்லாம் முடிந்துபோயிற்று. இவளைவிட மார்க் குறைந்த பிள்ளைகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு படம் போட்டார்கள். சங்கரேஸ்வரி பழைய புத்தகங்களை மறுபடி எடுத்து அட்டை போட்டாள், அவ்வளவுதான். ஆனால் காளிராசு அன்றோடு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதை விட்டுவிட்டார். சாம்பாரில் உப்புக் கூடவா குறைச்சலா என்று கேட்டால்கூட, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி," என்பார். இருபது வருஷமாகப் படிக்கட்டில் தொங்குகிறவர்களை எல்லாம் அதட்டி உள்ளே ஏற்றின மனுஷன், அந்த வருஷம் யாரையும் அதட்டவில்லை. எங்களுக்கே பஸ்ஸில் போகச் சங்கடமாக இருந்தது.

அதனால்தான் கல்லூரி வந்து நின்றபோது நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. நாம் போய் நிற்பது மரியாதைக் குறைவு என்றால் அவர்கள் வருவதுதானே முறை, போன வருஷமே வந்திருக்க வேண்டியது, கொஞ்சம் சுணங்கி வந்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

உலகம்மாள்தான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தவித்தாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா. கேசரி கிண்டித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, நெய் வாசனையை மெச்சினார். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொன்னபோது மட்டும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"சாப்பாடெல்லாம் முடிவாகட்டும்மா. சம்மதம் ஆகாம கை நனைக்கக் கூடாதுல்ல? சம்மதம்னு வந்துட்டா நாங்களா எந்திரிச்சுப் போகமாட்டோம், நீங்களாப் பாத்து அனுப்பணும்."

நியாயமான பேச்சு. பெண் பார்க்க வந்த இடத்தில் இனிப்பும் காரமும் எடுத்துக்கொள்ளலாம், காப்பி குடிக்கலாம், ஆனால் இலை போட்டு உட்காருவது பேசி முடித்த பிறகுதான். எங்கள் பக்கத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலம் ஐந்தரைக்குக் காளிராசுவின் மினிபஸ் கிளம்பும்போது ஹாரன் அடித்தது, அந்தச் சத்தத்தோடு சிவப்புக் கல்லூரியும் கிளம்பிப் போய்விட்டது. மறுநாள் காலையில் கடலோரத்துக் கல்லூரி ஒன்று வந்து நின்றது.

பட்டியலை எழுதி லாக் பண்ணப் பதினோரு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். பதினோராம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். அதுவரை நாளுக்கு ஒரு கல்லூரி என்று கண்மாய்க்குள் வந்து நின்றன. மூன்றாம் நாளே ஆட்டோ ஸ்டாண்டைக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். நான்காம் நாள் பிரசிடென்ட் தங்கபுஷ்பம் ஆள் விட்டுக் கரையிலிருந்து இறங்கப் படி வெட்டச் சொல்லி, குடிதண்ணீர் டிரம் ஒன்றையும் வைத்தார். ஆட்டுக்காரர்கள் கல்லூரிப் புல்தரையில் மேய்ச்சலுக்கு விட்டு, ஐந்தரை ஹாரனுக்கு முன்னால் ஆடுகளை எண்ணி வெளியே பத்திக்கொண்டு வரப் பழகினார்கள். எங்கள் ஊருக்குப் பெரிய ஆஸ்பத்திரி நாற்பத்தாறு கிலோமீட்டர். அதனால் நாங்கள் நோயை எல்லாம் சேர்த்து வைத்து வாழ்ந்த ஜனங்கள். இப்போது அத்தனை பேருடைய முழங்காலும் கண்ணும் சர்க்கரையும் வரிசையில் போய் நின்றன, சீட்டு வாங்கின, மாத்திரையோடு திரும்பின. இன்றைக்கு வந்திருக்கிற கல்லூரியில் எலும்பு நன்றாகப் பார்க்கிறார்கள், நேற்று வந்ததில் காது என்று ருசி பேசினோம். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி நாங்களும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தோம்.

சங்கரேஸ்வரி ஒவ்வொரு நாளும் தலை வாரி, போன தீபாவளிச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவாள். உலகம்மாள் கூடவே போய் விடுதிக் கக்கூஸையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்ப்பாள். ஜெபராஜ் போன வருஷம் அந்தக் கல்லூரியில் கடைசி இடம் எந்த ரேங்க்கோடு முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பான். டீக்கடையில் இருந்தவர்களுக்கு அது எதுவும் முக்கியமில்லை, போர்டில் பெயர் எத்தனை பெரிதாக எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. காளிராசு கரைமேல் நின்று பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு எப்படித் தோணுதோ அப்படி," என்று சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போய்விடுவார்.

பாப்பாவுக்குத் தோன்றியது முதல் நாளே தோன்றிவிட்டது. அந்தச் சிவப்புக் கட்டடத்து மாடிப்படி ஒவ்வொன்றும் நடுவில் குழிந்திருந்தது. நூறு வருஷமாக ஏறி இறங்கின கால்கள் தேய்த்த குழி. அதில் உட்கார்ந்து பார்த்தவள், எழுந்திருக்க மனசில்லாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எனக்கு அது போதும்மா. இந்தத் தடவ இல்லேன்னா மூணாவது தடவ எழுத என்கிட்டத் தெம்பில்ல," என்றாள். ஜெபராஜ் நோட்டைப் புரட்டி, கிடைக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பிருக்கிறது என்றான். முறையையும் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தான்: மேலே எழுதியதிலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள், எதில் இடம் இருக்கிறதோ அதோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு வேறு எதையும் கேட்க முடியாது. ஆகவே சிவப்புக் கட்டடம் முதலில், மற்றது எல்லாம் அதற்குக் கீழே. பட்டியல் ஆறாம் நாளே அவள் மனசுக்குள் தயாராக இருந்தது.

அந்த ஆறாம் நாள்தான் அசம்பாவிதம் நடந்தது. அன்றைக்கு வந்த கல்லூரியில் விடுதிக்குள் போய் வந்த உலகம்மாள், மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலைத் தாண்டுவதற்குள், "ஏட்டி, இது நமக்கு வேண்டாம்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடவில்லை, கல்லூரி கிளம்பிவிட்டது. காலை பதினோரு மணி. எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் கையில் சீட்டோடு வெறும் கரிசலில் உட்கார்ந்திருந்தார்கள். கோழிக்கடைக்காரருக்கு மாவுக்கட்டு பாதிதான் போட்டிருந்தார்கள். மீதிக் காலை நீட்டிக்கொண்டு அவர் உலகம்மாளைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கண்மாய்க்குள் சொன்னால்தான் ஆபத்து என்று தெரிந்தும், வாய் பழகிவிட்டால் எங்கேயாவது வந்து தொலைத்துவிடும் என்று வீட்டிலும் விட்டுவிட்டோம். இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்றால், "யோசிக்கணும்," என்போம். சந்தையில் கத்திரிக்காய் பிடிக்காவிட்டாலும், "யோசிச்சுச் சொல்றேன்," என்று நகர்ந்தோம். வேண்டாம் என்று சொல்ல முடியாததால் அந்த ஐந்து நாளில் ஊரே ஒரு சுற்று பெருத்துப்போயிற்று.

இப்போது செவந்திக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காளிராசு வீட்டுக்கு அடுத்த வீடு. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதம் ஒரு தடவை வந்து போவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வலி வந்தபோது வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். இருபத்தேழாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட் திறந்தபோது பிள்ளை இல்லை. இப்போது அவளுக்கு மறுபடியும் நிறைமாசம். பட்டியலை லாக் பண்ணுகிற நாளுக்கு ஒன்பது நாள் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். அவளுடைய ஆடுகளில் ஒன்றும் சினையாக இருந்தது, இடது காது நுனி அறுந்த வெள்ளாடு, பட்டு என்று பேர். "நாங்க ரெண்டு பேரும் ஒரே நடைதான் நடக்கோம்," என்று சிரிப்பாள்.

பட்டியல் முடிந்துவிட்டால் கல்லூரிகள் வருவது நின்றுவிடும். ஒரு வீட்டில் கைகொடுத்த பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் எதற்கு வாசலில் நிற்கப் போகிறார்கள்? இதை முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை, ஒன்பதாம் நாள் எல்லார் வாயிலும் அது இருந்தது. பத்தாம் நாள் பிரசிடென்ட்டும் இன்னும் ஏழெட்டுப் பேரும் காளிராசு வீட்டுக்குப் போனோம். போனோம் என்றுதான் சொல்கிறேன், நானும் போனேன், மறைப்பதற்கில்லை.

"தாயி, இந்த வருஷம் லாக் பண்ணாம இருந்தா என்ன? அவுக வந்துகிட்டே இருப்பாகள்ல. செவந்தி பிரசவம் முடியட்டும். ஊர்ச் சனத்துக்கும் மருந்து மாத்திர கிடைக்கும். நீ சின்னப் பிள்ளதான, இன்னொரு வருஷம் படிச்சா என்ன கொறஞ்சுறப் போகுது?" என்றார் தங்கபுஷ்பம்.

சங்கரேஸ்வரியின் முகம் வெளுத்துப்போனதை நாங்கள் பார்த்தோம், பார்த்தும் பேசாமல் நின்றோம். பக்கத்து வீட்டிலிருந்து செவந்திக்கனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"என் வயித்தக் காட்டி அவ படிப்பப் புடுங்கப் பாக்குறீகளா? என் பிள்ளைக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். இந்த மூட்டு வலிய எல்லாம் தூக்கிக்கிட்டு அவுகவுக வீட்டுக்குப் போங்க."

போனோம். இப்போது நினைத்தாலும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பதினோராம் நாள் வந்த கல்லூரியை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. மேற்கே மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டினது, இரண்டு வகுப்புப் பிள்ளைகள்தான் சேர்ந்திருக்கிறார்கள். போர்டில் பாதிப் பெயர்தான் எழுதியிருந்தது, சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை, மரம் என்று சொல்ல முழங்கால் உயரத்துக்கு நாலு வேப்பங்கன்று. கடைசி நாளில் இப்படி ஒன்றா என்று டீக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். செவந்திக்கனி மட்டும் வழக்கம்போல் ஆடுகளை அங்கே மேய விட்டாள். மத்தியானம் ஒரு மணிக்கு, கண்மாய்க்குள் அந்த வேப்பங்கன்றுகளை ஆடு கடிக்காமல் விரட்டிக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

சங்கரேஸ்வரிதான் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நல்ல டாக்டரம்மா, சின்ன வயசு. பார்த்துவிட்டு வெளியே வந்து, "பிள்ளை தலை கொஞ்சம் திரும்பி இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, நாங்க பார்த்துக்குவோம். ஆனா நேரமாகும். ஏழு ஏழரை ஆயிடும். எங்கயும் கொண்டுபோகக் கூடாது," என்றாள்.

ஏழு ஏழரை. ஹாரன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கல்லூரி ஐந்தரைக்குப் போய்விடும்.

கண்மாய்க்கரையில் மடைக்குப் பக்கத்தில்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே கல்லின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஜெபராஜ் காத்திருந்தான். பட்டியல் முழுவதும் தட்டி வைத்திருந்தான், முப்பத்தேழு பெயர், முதலில் சிவப்புக் கட்டடம். மணி நாலு ஐந்து. நாலு இருபது. சிவப்புக் கட்டடத்தை முதலில் போட்டு லாக் பண்ணினால் இந்தக் கல்லூரி அந்த நிமிஷமே எழுந்து போய்விடும், செவந்திக்கனி கரிசல் தரையில் கிடப்பாள். லாக் பண்ணாமல் விட்டால் சங்கரேஸ்வரியின் வருஷம் போய்விடும், ஐந்தரைக்குச் செவந்திக்கனியும் தரையில்தான் கிடப்பாள். கரை முழுக்க ஊர் நின்றது. மினிபஸ்ஸை நிறுத்திவிட்டுக் காளிராசுவும் வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

சங்கரேஸ்வரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கீழே இந்தக் கல்லூரி வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்ப்பதும், மகளைப் பார்ப்பதும், உடனே தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்.

"அப்பா, என்னமோ நெனைக்கீக. என்னது?"

"ஒண்ணுமில்ல பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"என்னால ஒரு வருசம் போச்சு. இதுவும் என்னாலன்னு ஆக..." என்றவர், அடுத்த வார்த்தை வராமல் வாயை மூடிக்கொண்டார். அது ஊரே சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை. கண்ணில் தண்ணீர் நின்றது.

பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. முறை, மரியாதை என்று அவர் மனசு எந்தப் பாதையில் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதே பாதையில் அவளும் போய்ப் பார்த்தாள். முதல் நாள் வாட்ச்மேன் சொன்னதுதான்: சம்மதம் சொல்லிவிட்டால் அவர்களாக எழுந்து போகமாட்டார்கள். கை நனைக்காமல் போகமாட்டார்கள்.

"ஜெபராஜ் அண்ணே, இந்தக் காலேஜ மேல கொண்டுபோங்க. மொத இடத்துல போடுங்க."

ஜெபராஜ் கையை எடுத்துவிட்டான். "ஏம்மா, ஒன் ரேங்க்குக்கு இது கண்டிப்பாக் கிடைச்சுரும். கிடைச்சா இதோட நின்னுரும். அந்தச் சிவப்புக் கட்டடம் ஒனக்குக் கிடையாது. புரிஞ்சுதான் சொல்றியா?"

"புரியுதுண்ணே. போடுங்க." அழுதுகொண்டேதான் சொன்னாள். பெரிய மனசுக்காரி மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னாள் என்று பின்னால் ஊரில் கதை கட்டினார்கள், அப்படி எல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுடிதார் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நாலு ஐம்பத்தொன்றுக்கு ஓடிபி வந்தது. அது காளிராசுவின் போனுக்குத்தான் வரும். ஒரு வருஷமாக எதையும் உறுதியாகச் சொல்லாத மனுஷன், அந்த ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, கரையில் கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி, ஓங்கிச் சொன்னார். ஜெபராஜ் தட்டினான். பட்டியல் பூட்டிக்கொண்டது.

கீழே கல்லூரி லேசாக ஒரு தடவை அசைந்து, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சந்தோஷம் சம்பந்தி. சாப்பாடு என்ன?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் ஊரில் நாங்கள் சாகும் வரை சொல்வோம். கரையில் நின்ற ஊர் கலைந்து வீடுகளுக்கு ஓடியது. சத்துணவுக் கூடத்து அண்டாவும் கல்யாண மண்டபத்துக் கரண்டியும் வந்தன. ஆளுக்கு ஒரு வீட்டில் சோறு, ஆளுக்கு ஒரு வீட்டில் சாம்பார், பூசணிக்காய் இருந்த வீட்டில் கூட்டு, எதுவும் இல்லாத வீட்டில் அப்பளம். ஐந்தரை ஆயிற்று, காளிராசு ஹாரன் அடிக்கவில்லை, அன்றைக்கு வண்டியே ஓடவில்லை, அதில் போக வேண்டியவர்கள் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீனும் பேராசிரியர்களும் மாணவர்களும் நர்ஸ்களும் கூட்டுகிறவர்களுமாக முந்நூறு பேர் கண்மாய்க்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிரசவ வார்டில் இருந்தவர்கள் மட்டும் எழுந்து வரவில்லை.

நாங்கள் மெதுவாகப் பரிமாறினோம். உப்பு வைத்துவிட்டு ஒரு நடை, ஊறுகாய் வைத்துவிட்டு ஒரு நடை. அவர்கள் வேண்டாம் என்றார்கள், போதும் என்றார்கள், நாங்கள் அந்த வார்த்தையையே மறந்துபோன ஜனங்கள், காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி சோறு வைத்தோம். தங்கபுஷ்பம் ஒரு பேராசிரியரிடம் நாலு தலைமுறை உறவு விசாரித்தார். பாதி மாவுக்கட்டுக் கோழிக்கடைக்காரர் நொண்டிக்கொண்டே ரசம் ஊற்றினார். அவர் வரிசை முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பாயசத்துக்குப் பால் இல்லை என்று சொல்லி இரண்டு பேர் அசைந்து அசைந்து பக்கத்து ஊருக்குப் போனார்கள்.

ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், ஆறு ஐம்பதுக்கு, வார்டு ஜன்னலிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கரண்டியோடு அப்படியே நின்றோம். காளிராசு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சங்கரேஸ்வரி வெளியே வந்து, "பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக. ஆனா அக்கா இன்னும் ஒரு மணி நேரம் படுத்துருக்கணுமாம்," என்றாள்.

உலகம்மாள் பாயசத்தை இரண்டாம் சுற்று எடுத்துக்கொண்டு போனாள்.

செவந்திக்கனியையும் பிள்ளையையும் கட்டிலோடு தூக்கிக் கரையேற்றிய பிறகுதான் மோர் ஊற்றினோம். அவர்கள் கை கழுவினார்கள். டீன் உலகம்மாளைக் கும்பிட்டு, "வெத்தலை வேற போடணுமாம்மா?" என்று பயந்துகொண்டே கேட்டார். "போயிட்டு வாங்க," என்றாள் அவள். கல்லூரி எழுந்து போயிற்று. கண்மாய்க்குள் முந்நூறு எச்சில் இலை மட்டும் கிடந்தது. எல்லாருக்கும் பிள்ளையைப் பார்க்கிற அவசரம், அன்றைக்கு ஆடுகளை எண்ண யாருக்கும் தோன்றவில்லை.

பட்டு இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. சினை ஆடு, முள்ளுக்காட்டில் எங்கேயாவது ஒதுங்கியிருக்கும் என்று நாலு நாள் தேடிவிட்டு விட்டுவிட்டோம்.

இரண்டு வாரத்தில் சீட் ஒதுக்கீடு வந்தது. முதலில் எழுதியதே கிடைத்திருந்தது. சிவப்புக் கட்டடத்தில் கடைசி இடம் எந்த ரேங்க்கோடு முடிந்தது என்று ஜெபராஜ் பார்த்தான், அவளிடம் சொல்லவில்லை. அவளும் தன் போனில் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ரேங்க்கில் அவளுக்குப் பின்னால் இருந்த பதினான்கு பேருக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். காளிராசு போய்த் தட்டை எடுத்துவந்து, "எந்திரி பாப்பா. சாம்பார்ல உப்புக் கொறச்சல், அதுக்காகச் சாப்பிடாம இருக்கக் கூடாது," என்றார். உலகம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வருஷம் கழித்து அவள் சமையலில் அவர் குறை சொல்லியிருக்கிறார், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சேருகிற நாளில் அப்பாவும் மகளும் டிரங்குப் பெட்டியோடு மூன்று பஸ் மாறி, ஒன்பது மணி நேரம் பயணம் செய்து அந்த மலையடிவாரத்தில் போய் இறங்கினார்கள். அதே பாதிப் பெயர்ப் பலகை, அதே பெயின்ட் வாசனை. மதில் ஓரமாக மட்டும் செம்மண் தரையில் ஒரு வண்டிக் கரிசல் ஒட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் அவர்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"வாங்க சம்பந்தி. உங்க வீட்டு ஆளு ஒருத்தி இங்க முன்னாடியே வந்து சேந்துட்டா," என்று வேப்பங்கன்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

இடது காது நுனி அறுந்த வெள்ளாடு, கன்றுகளில் மூன்றை மொட்டையாக்கிவிட்டு நான்காவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏ பட்டு," என்றாள் சங்கரேஸ்வரி. அது தலையைத் தூக்கி ஓடி வந்தது, பின்னால் இரண்டு குட்டிகள் துள்ளிக்கொண்டு வந்தன. அவள் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பட்டு இங்கதான் இருக்கு. ரெண்டு குட்டி."

மறுமுனையில் செவந்திக்கனி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அந்த வாயில்லாச் சீவனுக்கு யாரு பிரசவம் பாத்தா?"

"யாரும் பாக்கலையாம்க்கா. காலைல வந்து பாத்தா, மூணு நின்னுச்சாம்."

"இனிமே அப்படி விடாத," என்றாள் செவந்திக்கனி. "அதான் நீ வந்துட்டேல்ல."